ஒரு கட்டில், ஒரு டாக்டர், ஒரு கையாள்!
வேலூர் ஐடா ஸ்கடர் வாழ்க்கை

கருங்குழியில் பஸ் ஏறித் தெற்கே போனால், மதுராந்தகம், அச்சிறுபாக்கம் தாண்டி, சுமார் ஒரு மணி நேரத்தில் திண்டிவனம் வந்துவிடும். வழியெல்லாம் ஏரிகள், ஏரிப் பாசன வயல்கள். அந்த வழியாகத் தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் போகிறார்கள், வருகிறார்கள். அவர்களில் பலருக்கு ஒரு செய்தி தெரிந்திராது.

உலகமெங்கும் பெயர் பெற்ற வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு வித்து விழுந்த இடம் வேலூர் அல்ல. அந்த வித்து விழுந்தது திண்டிவனத்தில்!

ஒரே இரவு. மூன்று பெண்கள். மூவருக்கும் பிரசவ வேதனை. மூவருக்கும் உதவி செய்ய ஆள் இல்லை. பொழுது விடிந்தபோது மூவரும் இறந்திருந்தார்கள். அந்தச் சாவுகளைக் கண்டு மனம் மாறிய ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் கதை இது.

டாக்டர் குடும்பம்

அவள் பெயர் ஐடா ஸ்கடர். 1870-ம் ஆண்டு டிசம்பர் 9-ந் தேதி ராணிப்பேட்டையில் பிறந்தாள். பெற்றோர் அமெரிக்கர்கள். ஐந்து அண்ணன்மாருக்குப் பிறகு பிறந்த ஒரே பெண் என்பதால் வீட்டில் செல்லம் அதிகம்.

ஸ்கடர் குடும்பத்துக்கும் தமிழ் நாட்டுக்கும் உறவு பழையது. பாட்டனார் ஜான் ஸ்கடர் 1819-ல் அமெரிக்காவிலிருந்து கப்பல் ஏறினார். முதலில் யாழ்ப்பாணத்தில் வைத்தியம் செய்தார். பிறகு சென்னைக்கு வந்தார். தகப்பனாரும் டாக்டர்தான். அவர் பெயரும் ஜான் ஸ்கடர்தான்.

ஐடா சிறுமியாக இருந்தபோது தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியையே வாட்டி எடுத்த பஞ்சம் அது. எலும்பும் தோலுமாக வந்து நின்ற குழந்தைகளுக்கு ஐடாவின் வீட்டில் ரொட்டி கொடுத்தார்கள். தன் வயதுக் குழந்தைகள் பசியால் செத்ததை அவள் கண்ணால் பார்த்தாள். அது அவள் மனத்தை விட்டு அகலவில்லை.

பிறகு அவளை அமெரிக்காவுக்கு அனுப்பிப் படிக்க வைத்தார்கள். அங்கே நல்ல பள்ளிக்கூடம், தோழிகள், விளையாட்டு. இந்தியாவுக்குத் திரும்பும் எண்ணமே அவளுக்கு இல்லை. குடும்பத்தில் எல்லோரும் செய்த வேலையைத் தானும் செய்ய வேண்டுமா என்று அவள் சிரித்ததுண்டு.

1890-ம் ஆண்டு தாயாருக்கு உடல்நலம் கெட்டது. அப்பொழுது தகப்பனார் திண்டிவனத்தில் இருந்தார். தாயாரைக் கவனித்துக் கொள்வதற்காக ஐடா அங்கே வந்து சேர்ந்தாள். கொஞ்ச காலம் இருந்துவிட்டு அமெரிக்காவுக்கே போய்விடலாம் என்பது அவள் திட்டம்.

கதவு தட்டிய மூவர்

ஒரு நாள் இரவு. ஐடா விளக்கடியில் உட்கார்ந்திருந்தாள். யாரோ கதவைத் தட்டினார்கள். ஒரு பிராமண இளைஞர் நின்றார். அவருடைய மனைவி சிறு பெண். பிரசவம் ஆகாமல் துடிக்கிறாள். ஐடா வந்து உதவ வேண்டும் என்று கெஞ்சினார்.

தனக்கு வைத்தியம் தெரியாது, தகப்பனாரை அனுப்புகிறேன் என்றாள் ஐடா. இளைஞர் தலையை ஆட்டினார். வேற்று ஆண் ஒருவர் தம் மனைவியைப் பார்ப்பது அவர் குல வழக்கத்தில் இல்லை. வருத்தத்தோடு திரும்பிப் போய்விட்டார்.

சிறிது நேரத்தில் மறுபடியும் கதவு தட்டப்பட்டது. இப்பொழுது ஒரு முஸ்லிம். அதே வேண்டுகோள். ஐடா அதே பதிலைச் சொன்னாள். அவரும் ஆண் டாக்டர் வேண்டாம் என்று போய்விட்டார்.

மூன்றாம் முறையும் தட்டினார்கள். வந்தவர் வேறொரு ஜாதி இந்து. அவரும் அதே துன்பத்தைச் சொன்னார். அவரும் வெறுங்கையோடுதான் திரும்பினார்.

ஐடாவுக்கு இரவெல்லாம் தூக்கம் இல்லை. காலையில் தெருவில் சாவு மேளம் கேட்டது. வேலைக்காரரை அனுப்பி விசாரித்தாள். மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள் என்று தெரிந்தது!

பக்கத்து அறையில் கைதேர்ந்த டாக்டர் இருந்தார். மருந்து இருந்தது. ஆயுதங்கள் இருந்தன. ஆனால் ஒரு பெண்ணின் கை இல்லை. அதனால் மூன்று உயிர்கள் போயின. அன்று காலை ஐடா தன் பெற்றோரிடம் போய், தான் டாக்டருக்குப் படிக்கப் போவதாகச் சொன்னாள்.

படிப்பும் பணமும்

அமெரிக்காவில் 1895-ல் பிலடெல்பியா நகரத்துப் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தாள். கடைசிப் படிப்பை நியூயார்க்கில் உள்ள கார்னெல் மருத்துவக் கல்லூரியில் முடித்தாள். 1899-ல் பட்டம் பெற்றாள். அந்தக் கல்லூரியில் முதன்முதலாகப் பட்டம் பெற்ற பெண்களில் ஐடாவும் ஒருவர்.

வேலூரில் பெண்களுக்கு ஓர் ஆஸ்பத்திரி கட்டப் பணம் வேண்டியிருந்தது. ஐடா வீடு வீடாகப் போய்ப் பேசினார். ஷெல் என்ற முதிய செல்வர், இறந்துபோன தம் மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். அந்த நாளில் அது பெரிய தொகை.

1900-ம் ஆண்டு தொடக்கத்தில் டாக்டர் ஐடா வேலூர் வந்து சேர்ந்தார். தகப்பனாரிடம் சில வருஷம் தொழில் பழகலாம் என்று எண்ணியிருந்தார். ஆனால் அதே ஆண்டு மே மாதம் தகப்பனார் காலமானார். ஊர் புதிது, தொழில் புதிது, பக்கத்தில் மூத்த டாக்டர் இல்லை. ஐடா தனியாக நின்றார்.

பட்லரின் மனைவி

ஆஸ்பத்திரி கட்டும்வரை காத்திருக்க அவருக்கு மனமில்லை. குடியிருந்த பங்களாவிலேயே ஒரு சிறு அறையை ஒதுக்கினார். அதில் ஒரே ஒரு கட்டில் போட்டார். வேலூர் ஆஸ்பத்திரியின் தொடக்கம் அவ்வளவுதான்.

முதலில் ஜனங்கள் வரத் தயங்கினார்கள். பெண் ஒருத்தி வைத்தியம் செய்வாளா என்று சந்தேகப்பட்டார்கள். பிறகு ஒருவர் வந்தார், இருவர் வந்தார்கள், வாசலில் கூட்டம் கூடியது. இரண்டு வருஷத்துக்குள் சுமார் 5,000 பேருக்கு அவர் சிகிச்சை செய்தார்.

கூட்டம் வந்தபிறகுதான் கஷ்டம் தெரிந்தது. டாக்டர் ஒருவர், அவருக்கு இருப்பது இரண்டு கை. நோயாளியைப் பிடித்துக்கொள்ள ஒருவர் வேண்டும். வெந்நீர் காய்ச்ச ஒருவர் வேண்டும். ஆயுதங்களைக் கொதிக்க வைத்து எடுத்துத் தர ஒருவர் வேண்டும். மருந்து கலக்க, கட்டுப் போட, இரவில் விழித்திருக்க ஆள் வேண்டும். படித்த நர்சு ஒருவர்கூட அங்கே இல்லை.

அப்பொழுது ஐடாவுக்குக் கைகொடுத்தவள் சலோமி. அவள் பங்களா பட்லரின் மனைவி. ஆஸ்பத்திரி வேலை என்றால் என்ன என்றே அறியாதவள். ஐடா தம் முதல் பெரிய ஆபரேஷனைச் செய்தபோது பக்கத்தில் நின்ற ஒரே உதவியாள் அவள்தான்!

கையை எப்படிச் சுத்தம் செய்வது, எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது, எந்த ஆயுதத்தை எப்பொழுது நீட்டுவது என்பதை அவள் புத்தகத்தில் படிக்கவில்லை. வேலை செய்துகொண்டே கற்றாள். இந்தப் பாடம் சலோமிக்கு மட்டுமல்ல, ஐடாவுக்கும்தான். டாக்டர்கள் மட்டும் வந்தால் போதாது, ஊரில் உள்ள சாதாரண மனிதர்களையே பழக்கி எடுக்க வேண்டும் என்பது அவருக்கு விளங்கிவிட்டது.

மருந்து கலக்கும் கை

1902-ல் மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. 40 படுக்கைகள். அதற்கு அடுத்த ஆண்டே, 1903-ல், கம்பவுண்டர்களுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார் ஐடா.

கம்பவுண்டர் என்பவர் யார்? இக்காலத்தில் மாத்திரைகள் அட்டையில் அடைத்து வருகின்றன. அக்காலத்தில் அப்படியில்லை. டாக்டர் சீட்டு எழுதுவார். கம்பவுண்டர் அதைப் படித்து, பொடியைத் தராசில் நிறுத்து, திரவத்தை அளந்து ஊற்றி, குப்பியில் கலக்கித் தருவார். குப்பியின் வெளியே காகிதத்தை வெட்டி ஒட்டி, ஒரு வேளைக்கு எவ்வளவு என்று அடையாளம் காட்டுவார். ஓர் அளவு தவறினால் உயிருக்கே ஆபத்து. ஆகவே கண்ணும் கையும் பழக வேண்டும். அந்தப் பழக்கம் மருந்து மேஜையில் நின்று வேலை செய்தால்தான் வரும்.

1909-ல் நர்சு பள்ளி தொடங்கியது. டெலியா ஹூட்டன் என்ற அமெரிக்க நர்சு ஐடாவுக்குத் துணையாக நின்றார்.

பெண்களைச் சேர்ப்பது எளிதாக இல்லை. முன்பின் தெரியாதவர்களின் புண்ணைக் கழுவுவதும், இரத்தத்தைத் துடைப்பதும், இரவில் வீட்டுக்கு வெளியே தங்குவதும் நல்ல குடும்பத்துப் பெண்களுக்கு அடுக்காது என்று ஊரார் பேசினார்கள். பெண்ணை அனுப்பலாமா, கூடாதா என்று பல வீடுகளில் சண்டை நடந்த காலம் அது. பள்ளிப் படிப்புப் படித்த பெண்களே அன்று குறைவு.

படிக்கும்போது சாப்பாடு யார் போடுவது?

இங்கே இன்னொரு கேள்வி இருக்கிறது. ஏழைப் பெண் ஒருத்தி வேலை கற்க வருகிறாள். கற்கும் காலத்தில் அவள் வயிற்றுக்கு என்ன வழி? கூலி வேலையை விட்டு வந்தால் வீட்டில் அடுப்பு எரியாது. இதற்கு விடை சொல்லாமல் எத்தனை பள்ளி திறந்தாலும் அவள் வரமாட்டாள்.

இதற்கு முதலில் நல்ல வழி காட்டியவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். 1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் அவர் நர்சு பள்ளி தொடங்கினார். பயிற்சிக்கு வந்த பெண்களுக்குத் தங்க இடம், சாப்பாடு, உடுப்பு எல்லாம் இலவசம். அதற்கு மேல் கைச்செலவுக்கு வருஷத்துக்கு 10 பவுன் கொடுத்தார்கள். அவர்கள் வார்டில் வேலை செய்துகொண்டே கற்றார்கள். ஒரு வருஷப் பயிற்சி முடிந்ததும் ஆஸ்பத்திரிகளில் வேலை.

சென்னையிலும் சம்பளத்தோடு கற்கும் வழக்கம் உண்டு. ஆனால் அது முதலில் ஆண்களுக்குத்தான் கிடைத்தது. 1835-ல் சென்னையில் மருத்துவப் பள்ளி திறந்தபோது, பட்டாளத்து ஆஸ்பத்திரிகளுக்கு வேண்டிய அப்ரண்டிசுகள் அங்கே பயின்றார்கள். அவர்கள் சர்க்கார் சம்பளம் வாங்கினார்கள். பெண்கள் மேலும் பல ஆண்டுகள் காத்திருந்தார்கள். 1871-ல் சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் பெண்களுக்குப் பயிற்சி தொடங்கியபோது சேர்ந்தவர்கள் நாலே பேர்!

கிராமத்து மருத்துவச்சிகளின் நிலை இன்னும் கடினம். அவர்கள் அன்றாடம் காய்ச்சிகள். அவர்களைப் பழக்குவதற்காக 1903-ல் கர்சன் பிரபுவின் மனைவியார் விக்டோரியா ராணியின் நினைவாக ஒரு நிதி ஏற்படுத்தினார். பயில வருபவர்களுக்கு உதவித்தொகை கொடுப்பது அந்த நிதியின் வேலை. பணம் கிடைத்தால்தான் மருத்துவச்சி பிழைப்பை விட்டுப் பாடம் கேட்க வருவாள் என்பதை அப்பொழுதே உணர்ந்திருந்தார்கள்.

ஐடாவின் நர்சு பள்ளி ஆஸ்பத்திரியோடு சேர்ந்தே நடந்தது. காலையில் காய்ச்சல் பார்ப்பது, நாடி எண்ணுவது, படுக்கை மாற்றுவது, துணி கொதிக்க வைப்பது எல்லாம் பாடம். நோயாளியின் கட்டில்தான் பள்ளிக்கூடம்.

ஆலமரத்தடி ஆஸ்பத்திரி

ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்களைத் தேடி ஐடாவே போனார். ஆரம்பத்தில் மாட்டு வண்டிப் பயணம். பிறகு ஒரு சிறு மோட்டார் கார் வந்தது. கிராமத்து ஜனங்கள் அதைப் பேய் என்று நினைத்து ஓடினார்களாம்!

குடியாத்தம் சாலையில் குறிப்பிட்ட நாளில் கார் வரும். மரத்தடியில் நிற்கும். நோயாளிகள் வரிசையாகக் காத்திருப்பார்கள். ஐடா நோயைப் பார்ப்பார். உடன் வந்தவர்கள் மருந்து கொடுப்பார்கள், புண்ணைக் கழுவிக் கட்டுவார்கள். பயிற்சி பெற்ற கைகள் இல்லாவிட்டால் ஒரே நாளில் அத்தனை பேரைப் பார்த்திருக்க முடியுமா?

ஆறு பேர் வருவார்களா?

நர்சுகளைத் தயார் செய்தாகிவிட்டது. இனி டாக்டர்களையும் தயார் செய்ய வேண்டும் என்று ஐடா துணிந்தார். அதுவும் பெண் டாக்டர்களை! சர்க்கார் மருத்துவ இலாகாவின் தலைவர் அனுமதி கொடுத்தார். ஆனால் ஆறு பெண்கள் விண்ணப்பம் போட்டாலே பெரிய காரியம் என்று அவர் எண்ணினார்.

விண்ணப்பங்கள் குவிந்தன. எல்லோருக்கும் இடம் இல்லை என்று திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. 1918 ஆகஸ்டு மாதம் சென்னை கவர்னர் பெண்ட்லண்டு பிரபு பள்ளியைத் திறந்து வைத்தார். நாலு வருஷப் படிப்பு. முதல் சர்க்கார் பரீட்சையை 14 பெண்கள் எழுதினார்கள். அதே பரீட்சையில் ஆண்கள் பலர் தவறிப்போனார்கள். ஐடாவின் மாணவிகள் 14 பேரும் தேறினார்கள்!

திண்டிவனத்தில் ஒரு பெண்ணின் கை இல்லாமல் மூன்று பேர் இறந்தார்கள் அல்லவா? அந்த இடத்தை நிரப்ப இப்பொழுது டாக்டர்களும் நர்சுகளும் ஆண்டுதோறும் வெளியே வந்தார்கள்.

எழுபது வயதில் மீண்டும் பயணம்

1938-ல் ஒரு சோதனை வந்தது. நாலு வருஷப் படிப்பு இனிச் செல்லாது, பல்கலைக்கழகப் பட்டம் வேண்டும் என்று சர்க்கார் முடிவு செய்தது. பட்டப் படிப்பு என்றால் புதிய கட்டிடம், புதிய ஆராய்ச்சிச் சாலை, நிறையப் பேராசிரியர்கள் வேண்டும். பணம் எங்கே?

ஐடாவுக்கு வயது எழுபதைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஓய்வு எடுக்க வேண்டிய வயது. ஆனாலும் 1941-ல் மறுபடியும் அமெரிக்காவுக்குப் போனார். அப்பொழுது உலக யுத்த காலம். ஊர் ஊராகப் பேசிப் பணம் சேர்த்தார். 1942-ல் கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது. 1947 முதல் ஆண் மாணவர்களும் சேர்க்கப்பட்டார்கள்.

1946-ல் நர்சு பள்ளியும் உயர்ந்தது. இந்தியாவில் நர்சுகளுக்கு முதன்முதலாகப் பட்டப் படிப்பு தொடங்கிய இடங்களில் வேலூரும் ஒன்று.

செங்கற்பட்டில் ஒரு சந்திப்பு

வேலூரின் கதை நம் ஜில்லாவையும் தொட்டது. செங்கற்பட்டை அடுத்த திருமணியில் தொழுநோய் ஆஸ்பத்திரி இருந்தது. 1947-ல் வேலூர் டாக்டர் பால் பிராண்டு அங்கே வந்தார். டாக்டர் காக்ரேன் அவரை அழைத்துக் கொண்டுபோய் நோயாளிகளைக் காட்டினார். மடங்கிப்போன அந்தக் கைகளைக் கண்டு பிராண்டு திகைத்தார். அடுத்த ஆண்டு முதல் ஆபரேஷன் செய்து அந்த விரல்களை நிமிர்த்தத் தொடங்கினார்.

இங்கேயும் பழைய பாடம்தான். ஆபரேஷன் மட்டும் போதவில்லை. விரலுக்குப் பயிற்சி கொடுக்க ஆள் வேண்டும். உணர்ச்சியற்ற காலுக்கு ஏற்ற செருப்புத் தைக்க ஆள் வேண்டும். அப்படிப்பட்ட ஊழியர்களைப் பழக்கும் வேலை வேலூருக்கு அருகே கரிகிரியில் நடந்தது. 1955-ல் திருமணியிலும் மத்திய சர்க்கார் தொழுநோய்ப் பயிற்சி நிலையம் ஏற்படுத்தியது.

விலாசம் இல்லாத கடிதம்

1946-ல் ஐடா பொறுப்பிலிருந்து விலகிக் கோடைக்கானலில் தங்கினார். எல்லோரும் அவரை அத்தை என்றே அழைத்தார்கள். டாக்டர் ஐடா, இந்தியா என்று மட்டும் எழுதிய கடிதம் ஒன்று தபாலில் சரியாக வந்து சேர்ந்ததாம்! அவ்வளவு புகழ்.

1960 மே மாதம் கோடைக்கானலில் அவர் காலமானார். வயது 89. திருமணம் செய்து கொள்ளவில்லை. உடல் வேலூருக்குக் கொண்டு வரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது.

அவர் மறைந்த ஐந்து வருஷத்தில், 1965-ல், செங்கற்பட்டில் சர்க்கார் மருத்துவக் கல்லூரி வந்தது. கருங்குழிப் பெண்கள் பிரசவத்துக்குத் தொலைதூரம் போகவேண்டிய காலம் மலையேறிவிட்டது. 2008 முதல் 108 வண்டி ஓடுகிறது. அதில் நோயாளியின் அருகே அமர்ந்து வருபவர் பயிற்சி பெற்ற ஊழியர். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில், அந்தந்த ஊர்ப் பெண்களே பயிற்சியும் மாதத் தொகையும் பெற்று, வீடு வீடாகப் போய் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள்.

உங்கள் தெருவிலும் பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்துவிட்டு ஆஸ்பத்திரி வேலை கற்க விரும்பும் பெண் இருக்கலாம். அந்த வேலை நமக்கு எதற்கு என்று வீட்டில் தடுப்பவர்களும் இருக்கலாம். கற்கும்போதே கையில் நாலு காசு கிடைக்கும் இடம் எது என்று விசாரித்து, அவளை அனுப்பி வையுங்கள். பட்லரின் மனைவி சலோமி ஆபரேஷன் மேஜையருகே நின்றபோது அவளுக்கும் ஒன்றும் தெரியாது. சொல்லிக் கொடுக்க ஒருவர் இருந்தார், அவள் கற்றுக்கொண்டாள்.